அற்றுப்போனதாக எழுதப்பட்ட ஒரு வம்சம்: மார்ஷல் குடும்பத்தின் கொடிவழி

1245ஆம் ஆண்டு நவம்பர் பிற்பகுதியில், வேல்ஸ் எல்லையோரத்துக் குட்ரிச் கோட்டையில் பெம்புரோக் ஏர்ல் வால்டர் மார்ஷல் இறந்தார். பட்டத்துக்கு அடுத்த உரிமை தம்பி அன்செல்முக்கு. அதை அரசரிடம் முறைப்படிப் பெறுவதற்குள், கிறிஸ்துமஸுக்கு இரண்டொரு நாள் முன்பு, செப்ஸ்டோ கோட்டையில் அன்செல்மும் இறந்துபோனார். இருவருக்கும் பிள்ளை இல்லை. அவர்களுக்கு முன் பட்டத்தில் இருந்த மூன்று அண்ணன்மாருக்கும் வாரிசு இல்லை. இங்கிலாந்தின் உயர்குடிகளைப் பற்றிய நூல்கள் மார்ஷல் வம்சம் அந்த டிசம்பரோடு அற்றது என்று எழுதி, அடுத்த குடும்பத்துக்குப் போய்விடுகின்றன.

ஆண்வழி மட்டுமே வம்சம் என்று கொண்டால் அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஐந்து சகோதரர்களுக்கு ஐந்து சகோதரிகள் இருந்தார்கள். 1314இல் ஸ்காட்லாந்தின் பேனக்பர்ன் போர்க்களத்தில் இரண்டு பக்கமும் அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் நின்றார்கள். 15ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் முடிக்காகச் சண்டையிட்ட லங்காஸ்டர், யார்க் என்ற இரண்டு அரச கிளைகளிலும் அவர்களில் ஒருத்தியின் ரத்தம் ஓடியது. இவை பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லாமலே கொடிவழிப் படங்களில் கண்ணுக்குத் தெரிபவை. அதிகம் கவனிக்கப்படாத வேறொன்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். சகோதரர்களில் ஒருவருக்காவது மகன் பிறந்திருந்தால், இந்தப் பெண்களைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிந்திருக்காது. ஆண்வழி முறிந்ததால்தான் பெண்வழி ஏட்டில் ஏறியது.

குடும்பத்தின் பெயரே ஒரு பதவி. அரசரின் குதிரைகளையும் லாயத்தையும் கவனிப்பதும், அரசவை ஊர் ஊராகப் போகும்போது ஒழுங்கு காப்பதும் மார்ஷலின் வேலை. முதலாம் ஹென்றியின் காலத்தில் கில்பர்ட் என்பவர் அதில் இருந்தார். வேறு இருவர் அந்தப் பதவி தங்களுடையது என்று வழக்காடியபோது, கில்பர்ட்டும் மகன் ஜானும் அரசவையில் வாதாடி வென்றார்கள். 1200இல் ஜான் அரசர் கொடுத்த உறுதிப் பட்டயம் ஒன்று இந்தப் பழைய வழக்கை எடுத்துச் சொல்வதால் நமக்கு இது தெரிகிறது. கில்பர்ட்டுக்கு மேலே ஆவணம் ஏறுவதில்லை. 1066இல் நார்மண்டியிலிருந்து கடல் கடந்து வந்த முப்பாட்டனைக் காட்டி மற்ற பிரபுக்கள் மார்தட்டிக்கொண்ட காலத்தில், இவர்களுக்குக் காட்ட ஆள் இருக்கவில்லை.

கில்பர்ட்டின் மகன் ஜான் முரட்டுப் பேர்வழி. 1141இல் வேர்வெல் கன்னிமாடம் தீப்பற்றி எரிந்தபோது உள்ளே சிக்கிக்கொண்டவர், கூரையிலிருந்து உருகி வடிந்த ஈயம் பட்டு ஒரு கண்ணை இழந்தார். 1152இல் நியூபரி முற்றுகையின்போது அவருடைய சிறு மகன் வில்லியமை ஸ்டீபன் அரசர் பிணையாகப் பிடித்து வைத்திருந்தார். கோட்டையை ஒப்படைக்காவிட்டால் பையனைத் தூக்கிலிடுவேன் என்று அரசர் சொல்லி அனுப்ப, இதைவிட நல்ல மகன்களை அடித்துச் செய்யச் சுத்தியலும் பட்டறைக்கல்லும் என்னிடம் இருக்கின்றன என்று ஜான் பதில் அனுப்பியதாகக் கதை. அரசருக்கு மனம் வரவில்லை, பையன் பிழைத்தான்.

அந்தப் பையன்தான் வில்லியம் மார்ஷல். நான்காவது மகன், நிலம் கிடையாது. போட்டிப் போர்களில் எதிரிகளைச் சிறைபிடித்து, மீட்புப் பணம் வாங்கி வாழ்ந்தவர். இரண்டாம் ஹென்றியின் மூத்த மகனுக்குப் படைக்கலை கற்பித்தவர். இறுதியில் சிறுவயது மூன்றாம் ஹென்றியின் சார்பில் 1216 முதல் 1219 வரை நாட்டையே ஆண்டவர். 1217 மே மாதம் லிங்கன் நகரில் பிரெஞ்சுப் படையையும் அதனுடன் சேர்ந்திருந்த கலகக்காரப் பிரபுக்களையும் முறியடித்தபோது அவருக்கு எழுபது வயது இருக்கும். இவ்வளவும் தெரிவதற்குக் காரணம், அவர் இறந்தபின் மூத்த மகன் எழுதச் சொன்ன பிரெஞ்சுமொழிக் காவியம். 19,000 அடிகளுக்கு மேல் நீளும் அது ஐரோப்பாவில் அரசரோ புனிதரோ அல்லாத ஒருவருக்கு வாய்த்த மிகப் பழைய வாழ்க்கை வரலாறுகளில் ஒன்று. இதன் கையெழுத்துப் படியை 1861இல் லண்டன் ஏலம் ஒன்றில் பால் மேயர் என்ற பிரெஞ்சு அறிஞர் பார்த்தார். வேறொருவர் ஏலத்தில் எடுத்துச் சென்றுவிட்டார். எங்கே போனது என்று தேடிக் கண்டுபிடிக்க மேயருக்கு இருபது ஆண்டுகள் ஆயின. 1891க்கும் 1901க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக அவர் அச்சிட்டார். அதற்கு முன்பு வில்லியமைப் பற்றி எழுதியவர்களுக்கு அவருடைய இளமை கிட்டத்தட்ட இருட்டுத்தான்.

கொடிவழிக்கு முக்கியமானது அவருடைய வீரம் இல்லை, 1189ஆம் ஆண்டுத் திருமணம். மாப்பிள்ளைக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது; மணப்பெண் இசபெல் டி கிளேர் பதின்வயதின் முடிவில் இருந்தாள். அவளுடைய தந்தை ஸ்ட்ராங்போ என்று அறியப்பட்ட ரிச்சர்ட் டி கிளேர். தாய் ஈஃபா, அயர்லாந்தின் லென்ஸ்டர் அரசர் டெர்மட் மக்மர்ரோவின் மகள். இசபெல்லின் ஒரே சகோதரன் சிறுவயதிலேயே இறந்துவிட்டதால் எல்லாம் அவளிடம் வந்து சேர்ந்தது: தென்வேல்ஸில் செப்ஸ்டோ, நார்மண்டியில் லாங்வில்லைச் சுற்றிய நிலத்தில் பாதி, அயர்லாந்தில் லென்ஸ்டர் முழுவதும், பெம்புரோக் ஏர்ல் பட்டத்தின்மீது உரிமை. பட்டத்தை மட்டும் 1199இல்தான் அரசர் உறுதி செய்தார்.

இதில் லென்ஸ்டர் உரிமை சிக்கலானது. ஐரிஷ் வழக்கப்படி அரசு மகள் வழியாக இறங்காது. டெர்மட்டுக்கு ஆண்மக்கள் இருந்தார்கள். டோனல் என்ற மகனின் வழியில் வந்த கவனா குடும்பத்தினர் பின்னாளில் நெடுங்காலம் லென்ஸ்டர் அரசர் என்ற பெயரைச் சுமந்தார்கள். ஆங்கிலச் சட்டத்தின் கண்ணில் ஈஃபா வாரிசு. ஐரிஷ் சட்டத்தின் கண்ணில் அவள் வெறும் மகள். ரத்தம் ஒன்றுதான், எந்தச் சட்டம் எழுதுகோலைப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் கொடிவழிப் படம் மாறிவிடுகிறது. மார்ஷல் குடும்பம் பெரிய குடும்பமானதே பெண்வழிச் சொத்தால் என்பதைப் பிறகு எழுதியவர்கள் பலர் லேசாகத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

வில்லியமுக்கும் இசபெல்லுக்கும் பத்துப் பிள்ளைகள்: வில்லியம், ரிச்சர்ட், கில்பர்ட், வால்டர், அன்செல்ம் என்று ஐந்து ஆண்கள், மாட், இசபெல், சிபில், ஈவா, ஜோன் என்று ஐந்து பெண்கள். காவியம் எல்லோரையும் பெயர் சொல்லி, தந்தை உயிரோடு இருந்தவரை பெண்கள் யாருக்கு வாழ்க்கைப்பட்டார்கள் என்பதையும் சொல்கிறது. 1219 மே மாதம் தேம்ஸ் கரையில் கேவர்ஷம் மாளிகையில் அவர் படுக்கையில் கிடந்தபோது பாட்டுக் கேட்க ஆசைப்பட்டாராம். மகள்களை அழைத்தார்கள். மூத்தவள் மாட் பாடினாள். அடுத்து, இன்னும் மணமாகாத ஜோன் கூச்சத்தோடு பாட, வெட்கப்படாமல் பாடு என்று சொல்லி எப்படிப் பாட வேண்டும் என்று தந்தை கற்றுக்கொடுத்தாராம். ஜோனுக்கு மணம் முடிக்காமல் போகிறோமே என்ற கவலை அவருக்கு இருந்தது. கடைக்குட்டி அன்செல்முக்குச் சொத்து எதுவும் வேண்டாம், என்னைப் போல் அவனும் தன் கையால் பிழைத்துக்கொள்வான் என்று முதலில் சொன்னவர், நண்பர் ஜான் வற்புறுத்தியபின் அவனுக்கும் கொஞ்சம் நிலம் எழுதிவைத்தார். இருபத்தாறு ஆண்டு கழித்து முழுச் சொத்துக்கும் கடைசி ஆண்வாரிசாக நிற்கப்போவது அவன்தான் என்று அந்த அறையில் யாருக்குத் தெரியும்!

ஐந்து சகோதரர்களும் பிள்ளையில்லாமல் போனதற்கு ஒரு சாபக்கதை உண்டு. அயர்லாந்தின் ஃபெர்ன்ஸ் ஆயரிடமிருந்து வில்லியம் இரண்டு நிலத்தொகுதிகளைப் பறித்துக்கொண்டார் என்றும், அவர் இறந்தபின் மகன்கள் திருப்பித்தர மறுத்தார்கள் என்றும், ஒரே தலைமுறையில் இந்தப் பெயர் அழியும் என்று ஆயர் சபித்தார் என்றும் மேத்யூ பாரிஸ் என்ற துறவி எழுதினார். அவர் அதை எழுதியது ஐவரும் இறந்தபின். முடிவு தெரிந்த பிறகு எழுதப்படும் சாபம் ஒருபோதும் தவறுவதில்லை.

ஒவ்வொருவரின் கதையையும் தனித்தனியாகப் பார்த்தால் சாபம் தேவைப்படாது. மூத்தவர் வில்லியமின் முதல் மனைவி மணமான சில ஆண்டுகளுக்குள் இறந்தாள். 1224இல் அவர் மணந்த இரண்டாம் மனைவி எலனோர் மூன்றாம் ஹென்றி அரசரின் தங்கை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. 1231இல் அவர் இறந்தபோது அவளுக்குப் பதினாறு. ரிச்சர்ட் பிரெத்தானியைச் சேர்ந்த விதவை ஒருத்தியை மணந்து நார்மண்டியில் வாழ்ந்தவர். பட்டத்துக்கு வந்த மூன்றே ஆண்டுகளில் அரசருக்கு எதிராகக் கிளம்பி, 1234 ஏப்ரலில் கில்டேர் அருகே காயம்பட்டு இறந்தார். கில்பர்ட் பாதிரியாராக வேண்டியவர்; அதற்கான முதற்படிகளை எடுத்தபின் அண்ணன் சாவால் ஏர்ல் ஆனவர். ஸ்காட்லாந்து அரசரின் தங்கை மார்ஜரியை 1235இல் மணந்தார். 1241 ஜூனில் ஹெர்ட்ஃபோர்ட் அருகே போட்டிப் போர் ஒன்றில் கடிவாளம் அறுந்து, குதிரையிலிருந்து விழுந்து உயிரிழந்தார். அவருக்கு மணத்துக்கு வெளியே ஒரு மகள் இருந்தாள். ஆகவே உடற்குறை என்று சொல்ல இடமில்லை. வால்டர் மணவாழ்வு வாழ்ந்தது மூன்று ஆண்டுகளே. கே. பி. மக்ஃபார்லேன் என்ற வரலாற்றாசிரியர் பிற்கால இடைக்கால ஆங்கில உயர்குடிகளைக் கணக்கெடுத்தபோது, ஒவ்வொரு இருபத்தைந்து ஆண்டிலும் ஏறத்தாழக் கால்பங்கு குடும்பங்கள் ஆண்வழியில் அற்றுப்போவதைக் கண்டார். மார்ஷல்களுக்கு நேர்ந்தது அந்த உலகத்தில் அபூர்வம் இல்லை. ஐந்து பேர் வரிசையாக நின்றும் தப்பவில்லை என்பதுதான் அதிர்ச்சி.

வேறொரு மார்ஷல் கிளை அப்போதும் உயிரோடு இருந்தது. பெரிய வில்லியமின் அண்ணன் மகன் ஜான் நார்ஃபோக் பகுதியில் நிலம் பெற்று, அயர்லாந்தின் மார்ஷல் பதவியையும் வகித்தவர். அவருடைய ஆண்வழி 1316 வரை நீண்டது. ஆனால் அந்த ஜான் முறைப்படி மணமான தாய்க்குப் பிறந்தவர் அல்லர் என்பது ஆய்வாளர் கருத்து. எனவே 1245இல் அவருடைய பிள்ளைகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆண் ரத்தமும் மார்ஷல் என்ற பெயரும் இருந்தும் சட்டத்துக்கு அவர்கள் வேற்று ஆட்கள்.

அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் மகன் இருந்தால் மூத்தவனுக்கே எல்லாம். மகன் இல்லை என்றால் மகள்களுக்குச் சமபங்கு. இறந்துபோன மகளின் பங்கு அவள் பிள்ளைகளுக்கு. பிரபு ஒருவர் இறந்ததும் அரசு அதிகாரி வந்து, உள்ளூர்க்காரர்களைச் சத்தியப் பிரமாணத்தில் விசாரிப்பார்: என்ன நிலம் இருந்தது, ஆண்டு வருமானம் எவ்வளவு, அடுத்த வாரிசு யார், வயது என்ன? வயதைப் பல சமயம் ‘முப்பதும் அதற்கு மேலும்’ என்று தோராயமாகச் சொல்லிவைப்பார்கள். இன்றைய கொடிவழி நூல்களில் நாம் காணும் பிறந்த ஆண்டுகளில் பல இப்படி வந்தவைதான். ஒரே மகன் வாரிசு என்றால் ஒரு வரியில் வேலை முடிந்தது. ஐந்து மகள்களின் வாரிசுகள் என்றால் ஒவ்வொரு பேத்தியையும், அவள் கணவனையும், அவள் பங்கையும் எழுதியாக வேண்டும்.

1246-47இல் நடந்த மார்ஷல் பாகப்பிரிவினை அப்படிப்பட்டது. அன்செல்ம் இறந்தபோது மாடும் ஈவாவும் மட்டுமே உயிரோடு இருந்தார்கள். பங்கு பிரித்து முடிவதற்குள் ஈவாவும் போய்விட்டாள். மூத்தவள் என்ற முறையில் மாடுக்கு முதல் மரியாதை. செப்ஸ்டோவும் லென்ஸ்டரில் கார்லோவும் அவளுக்கு வந்தன. அரசர் மார்ஷலின் கோலையும் அவளிடம் கொடுத்தார். அவள் அதைத் தன் மகன் நார்ஃபோக் ஏர்ல் ரோஜர் பிகாட்டிடம் கொடுத்தாள். பட்டயங்களில் தன்னை இங்கிலாந்தின் மார்ஷல் என்றே பெண்பாலில் குறித்துக்கொண்ட பெண்மணி அவள். இசபெல்லின் மகன் கிளாஸ்டர் ஏர்ல் ரிச்சர்ட் டி கிளேருக்குக் கில்கென்னி. ஜோனின் மகள் வழியில் வெக்ஸ்ஃபோர்டும் பெம்புரோக் கோட்டையும். சிபிலின் பிள்ளைகளுக்குக் கில்டேர். ஈவாவின் பிள்ளைகளுக்கு டனமேஸ் கோட்டையும் அதைச் சுற்றிய லீக்ஸ் பகுதியும். ஏர்ல் என்ற பட்டத்தைப் பங்கு போட முடியாது. அது அரசர் கைக்குத் திரும்பியது.

கணக்கு இத்தோடு நிற்கவில்லை. சிபில் டார்பி ஏர்ல் வில்லியம் டி ஃபெரர்ஸின் மனைவி. அவளுக்கு ஏழு மகள்கள், மகன் கிடையாது. ஆகவே ஒவ்வொருத்திக்கும் மார்ஷல் சொத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஈவாவின் கணவர் வில்லியம் டி பிரயோஸை, தன் மனைவியோடு தகாத உறவு கொண்டார் என்று வேல்ஸ் இளவரசர் லூவெலின் 1230இல் தூக்கிலிட்டார். ஈவாவுக்கு எஞ்சியதும் நான்கு மகள்களே. அவர்களில் ஒருத்தி பிள்ளையில்லாமல் போக, மற்ற மூவருக்கும் பதினைந்தில் ஒரு பங்கு. ஜோனின் மகன் 1247இல் இறந்ததும் அவள் பங்கு முழுவதும் ஒரே மகளிடம் போய், அவளை, அரசரின் தாய்க்கு மறுமணத்தில் பிறந்த தம்பி வில்லியம் டி வாலன்ஸ் அதே ஆண்டில் மணந்தார். பாகப்பிரிவினை நடந்துகொண்டிருக்கும்போதே பங்காளிகள் மாறிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லலாம். அந்தக் காலத்து எழுத்தர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது.

விதவைகள் வேறு இருந்தார்கள். கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு ஆயுள்வரை உரியது. வால்டரின் மனைவி, லிங்கன் சீமாட்டி மார்கரெட் டி குவின்சி, கில்டேர் உள்ளிட்ட பங்கை 1266இல் இறக்கும்வரை வைத்திருந்தாள். சிபிலின் ஏழு மகள்கள் அதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூத்தவர் வில்லியமின் விதவை எலனோருக்கு அயர்லாந்து, வேல்ஸ் பங்குக்கு ஈடாக ஆண்டுக்கு 400 பவுண்டு என்று ரிச்சர்ட் முன்பே பேசி முடித்திருந்தார். அது மிகக் குறைவு என்பது அவளுடைய தீராத மனக்குறை. கணவன் இறந்தபின் இனி மணமில்லை என்று நோன்பு எடுத்திருந்தவள், 1238இல் சைமன் டி மான்ட்ஃபோர்ட்டை மணந்தாள். மார்ஷல் பணத்துக்காக அந்தத் தம்பதி அரசரை விடாமல் நெருக்கினார்கள். 1259இல் இங்கிலாந்தும் பிரான்சும் பாரிஸில் சமாதானம் செய்துகொள்ள இருந்தபோது, எலனோர் நார்மண்டி மீதான தன் உரிமையை விட்டுக்கொடுக்க மறுத்து ஒப்பந்தத்தைத் தாமதப்படுத்தினாள். இங்கிலாந்தின் நாடாளுமன்ற வரலாற்றில் மான்ட்ஃபோர்ட்டுக்குப் பெரிய இடம் உண்டு. அரசரோடு அவருக்கு முற்றிய பகையின் ஒரு வேர் இந்தச் சகோதரர்களில் மூத்தவருடைய விதவைப் பங்கில் இருக்கிறது.

கொடிவழி ஆய்வாளர்களைத் தலைசுற்ற வைக்கும் ஆள் வின்செஸ்டர் ஏர்ல் ரோஜர் டி குவின்சி. அவருடைய அண்ணன் மகள்தான் வால்டரை மணந்த மார்கரெட். ரோஜருக்கும் மார்கரெட் என்றே ஒரு மகள். அவள் சிபில் இறந்தபின் வில்லியம் டி ஃபெரர்ஸுக்கு இரண்டாம் தாரமானாள். ரோஜரின் இரண்டாம் மனைவி அன்செல்ம் மார்ஷலின் விதவை. மூன்றாம் மனைவி எலனோர் சிபிலின் ஏழு மகள்களில் ஒருத்தி. அதாவது எலனோருக்குச் சித்தியாக வந்த மார்கரெட்டுக்கு எலனோரே சித்தியாகப் போய்ச் சேர்ந்தாள்! இரண்டு மார்கரெட்டுகளையும் ஒருத்தியாக்கிவிட்டால் படம் முழுவதும் பொய்யாகிவிடும். இவர்களைப் பிரித்தறிய நமக்கு உதவுவது பாசமோ நினைவோ இல்லை, யார் எந்த நிலத்தில் எத்தனை பங்கு கேட்டு எந்த ஆண்டு நீதிமன்றம் போனார்கள் என்ற குறிப்புகளே.

இனி இறங்குவழி. இசபெல்லின் மகன் ரிச்சர்டின் பேரன் கில்பர்ட் டி கிளேர், கிளாஸ்டர் ஏர்ல். இசபெல்லின் மகளும் இன்னொரு இசபெல்தான். அவள் அனண்டேல் பிரபு ராபர்ட் புரூஸை மணந்தாள். அவளுடைய பேரன் ஸ்காட்லாந்து அரசரான ராபர்ட் புரூஸ். 1314 ஜூன் 24ஆம் தேதி பேனக்பர்னில் புரூஸின் ஈட்டிப் படை மீது குதிரையை முடுக்கி இருபத்துமூன்று வயதில் மாண்டவர் அந்த கில்பர்ட். இருவருமே இசபெல் மார்ஷலின் கொள்ளுப்பேரர்கள். அதே ஆங்கிலப் படையில் ஜோனின் பேரன் பெம்புரோக் ஏர்ல் எய்மர் டி வாலன்ஸும், ஈவாவின் கொள்ளுப்பேரன் ஹெர்ஃபோர்ட் ஏர்ல் ஹம்ஃப்ரி டி போஹனும் இருந்தார்கள். தோல்விக்குப்பின் போஹன் பிடிபட்டார். அவரை விடுவிப்பதற்கு ஈடாக, இங்கிலாந்தில் சிறையிருந்த தன் மனைவியையும் மகளையும் புரூஸ் மீட்டுக்கொண்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன் டம்ஃப்ரீஸ் தேவாலயத்தில் புரூஸ் குத்திக் கொன்ற ஜான் கொமினின் மனைவி எய்மரின் சகோதரி. நாடுகளுக்கு இடையிலான போர் என்று நாம் படிப்பதைப் பங்காளிச் சண்டையாகவும் படிக்கலாம்.

கில்பர்ட் டி கிளேருக்கும் பிள்ளை இல்லை. 1247இன் கதை 1317இல் திரும்பவும் நடந்தது. மூன்று சகோதரிகளுக்கு மூன்று பங்கு. மூத்தவளின் கணவர் இளைய ஹியூ டெஸ்பென்சர் மற்ற இருவரின் பங்கையும் விழுங்கப் பார்த்தார். 1321இல் அவருக்கு எதிராகப் படைதிரட்டியவர்களில் போஹனும் மோர்டிமர் என்ற பிரபுவும் முன்னால் நின்றார்கள். இருவரும் ஈவாவின் வழி. கடைசிச் சகோதரி எலிசபெத் டி பர்க் மூன்று கணவர்களைப் பறிகொடுத்தபின் தன் செல்வத்தைக் கேம்பிரிட்ஜில் கொட்டினாள். கிளேர் கல்லூரி அவள் பெயரைச் சொல்கிறது. எய்மர் டி வாலன்ஸும் பிள்ளையின்றி 1324இல் இறக்க, அவருடைய விதவை மேரி 1347இல் நிறுவியது பெம்புரோக் கல்லூரி. எய்மரின் அக்கா வழியில் பெம்புரோக் பட்டம் ஹேஸ்டிங்ஸ் குடும்பத்துக்குப் போனது. அந்தக் குடும்பத்தின் கடைசி ஏர்ல் 1389இல், பதினேழு வயதில், போட்டிப் போர்ப் பயிற்சியில் குத்துப்பட்டு இறந்தார். கில்பர்ட் மார்ஷல் செத்ததும் அதே விளையாட்டில்தான்.

ஈவாவின் மகள்களில் மாட், ரோஜர் மோர்டிமரை மணந்தாள். அந்த வழியில் தலைமுறைகள் இறங்கி, ஆன் மோர்டிமரின் மகன் யார்க் கோமகன் ரிச்சர்ட். அவருடைய மகன்கள் நான்காம் எட்வர்டும் மூன்றாம் ரிச்சர்டும். ஈவாவின் இன்னொரு மகள் எலனோர், போஹன் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். அந்த வழியில் வந்த மேரி டி போஹன் நான்காம் ஹென்றியை மணந்தாள். அவள் மகன் ஐந்தாம் ஹென்றி, பேரன் ஆறாம் ஹென்றி. ரோஜாப் போர்கள் என்று பெயர்பெற்ற முப்பதாண்டு ரத்தக்களரியில் எதிரெதிரே நின்ற யார்க் ரிச்சர்டும் ஆறாம் ஹென்றியும் தூக்கிலிடப்பட்ட பிரயோஸின் இரண்டு மகள்களில் ஆளுக்கொருத்தியின் வழி. யார்க் தரப்பு முடிக்கு உரிமை கொண்டாடியதே பெண்வழியை வைத்துத்தான் என்பதையும் மறக்கக்கூடாது.

மார்ஷல் பதவிக்கு என்ன ஆயிற்று? மாடின் முதல் கணவர் வழியில் அது பிகாட் குடும்பத்தில் இருந்தது. அந்த வழியின் கடைசி ஏர்ல், இன்னொரு ரோஜர் பிகாட், மார்ஷல்களின் சின்னமான பொன்னும் பச்சையும் கலந்த களத்தில் சிவப்புச் சிங்கத்தையே தன் கேடயத்துக்கு எடுத்துக்கொண்டவர். முதலாம் எட்வர்டோடு மோதிக் கடனில் மூழ்கி, 1302இல் பட்டத்தையும் பதவியையும் அரசரிடம் ஒப்படைத்து, தன் சொந்தப் பிள்ளைக்கு மட்டுமே போகும் என்ற நிபந்தனையோடு திரும்பப் பெற்றார். பிள்ளை இல்லை. ஜான் என்ற தம்பி இருந்தும் 1306இல் எல்லாம் அரசருக்குப் போயிற்று. இரண்டாம் எட்வர்ட் அவற்றைத் தன் மாற்றாந்தாய் மகனான தம்பி, பிரதர்டன் தாமஸுக்குக் கொடுத்தார். தாமஸின் மகள் மார்கரெட், அவள் மகள் எலிசபெத், எலிசபெத்தின் மகன் தாமஸ் மோப்ரே. அவருடைய மகள் மார்கரெட் வழியில் 1483 முதல் ஹோவர்ட் குடும்பம். 1672இலிருந்து ஏர்ல் மார்ஷல் என்ற பதவி நார்ஃபோக் கோமகன்களின் பரம்பரைச் சொத்து. 2022இல் எலிசபெத் அரசியின் இறுதிச் சடங்கையும் 2023இல் மூன்றாம் சார்ல்ஸின் முடிசூட்டையும் ஏற்பாடு செய்தவர் அந்தக் குடும்பத்தின் இப்போதைய கோமகன்.

அரச குமாரர் ஒருவர் வழியாக வந்த பதவி என்பதால், ஹோவர்ட்களுக்கும் பழைய மார்ஷலுக்கும் ரத்தத் தொடர்பு இல்லை என்று தோன்றலாம். மாடின் இரண்டாம் திருமணத்தைப் பார்க்காதவரை அப்படித்தான் தோன்றும். முதல் கணவர் இறந்தபின் அவள் சர்ரே ஏர்ல் வில்லியம் டி வாரனை மணந்தாள். 1248இல் அவள் இறந்தபோது உடலைச் சுமந்து டின்டர்ன் மடத்துக்குள் கொண்டுசென்ற நான்கு மகன்களில் மூவர் பிகாட். நான்காமவர் ஜான் டி வாரன், அப்போது பதின்வயதுப் பையன். ஜானின் மகன் வழிப் பேத்தி ஆலிஸ், அரண்டெல் ஏர்ல் எட்மண்ட் ஃபிட்ஸாலனை மணந்தாள். ஆலிஸின் மகனும் பேரனும் ரிச்சர்ட் என்ற பெயரோடு அடுத்தடுத்து அரண்டெல் ஏர்ல்களாக இருந்தார்கள். இளைய ரிச்சர்டின் மகள் எலிசபெத் 1384இல் தாமஸ் மோப்ரேயை மணந்தாள். அவர்கள் மகள்தான் ஹோவர்ட் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட அந்த மார்கரெட். பிரபு வம்சங்களைப் பட்டவாரியாக அடுக்கும் பேரகராதியில் இந்த வழியைத் தேடுபவர் பெம்புரோக்கில் தொடங்கி, நார்ஃபோக், சர்ரே, அரண்டெல் என்று தொகுதி தொகுதியாகப் புரட்டி, மறுபடி நார்ஃபோக்குக்கு வர வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் அடுத்ததற்குத் தாண்டும் இடத்தில் ஒரு பெண்ணின் திருமணம் இருக்கிறது: மாட், ஆலிஸ், எலிசபெத், மார்கரெட்.